சுவிட்சை அமுக்கினால் சத்தமே இல்லை: பழைய கம்ப்யூட்டர் கேள்வி பதில்

பழைய டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லை என்று வந்த கேள்விகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். சேலத்தில் இருபது வருடமாக இந்த டப்பாக்களைத் திறந்து மூடுகிற ஆள் நான். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கரன்ட் கொடுத்துச் சோதிக்கச் சொல்லும் இடம் தவிர, கை உள்ளே போவதற்கு முன் த்ரீ பின் பிளக் சுவரை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். சுவிட்சை ஆஃப் செய்தது போதாது.

அம்மாப்பேட்டை, தறி டிசைன் போடுபவர்: அண்ணா, ஜக்கார்டு டிசைன் போடுகிற பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷின். நேற்று ராத்திரி வரை ஓடியது. இன்று ஃபேன் கூடச் சுற்றவில்லை. மதர்போர்டு போய்விட்டது, புது கம்ப்யூட்டரே வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். என் சாஃப்ட்வேர் புதிதில் ஓடாது.

திறந்து பார்க்காமலே மதர்போர்டு என்று சொன்னார்களா? அப்படியானால் காதில் வாங்க வேண்டாம். கரன்ட் வருகிற வழியிலேயே நாமும் போவோம்.

அதே பிளக் பாயிண்டில் செல்போன் சார்ஜரைக் குத்திப் பாருங்கள். அடுத்து பவர் கேபிள். மானிட்டருக்குப் போவதும் பெரும்பாலும் அதே மாதிரி கேபிள்தான், கழற்றி மாற்றிக் குத்துங்கள். பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸில் (சுவர் கரன்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் டப்பா) ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம்தான் ஆன். பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது ஆஃப் ஆகி, ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்த மெஷின்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதுவும் சரி என்றால் பிளக்கைப் பிடுங்கி மூடியைக் கழற்றி, மறுபடி குத்துங்கள். நிறைய போர்டுகளில் ஒரு குட்டி விளக்கு எரியும். எரிந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, அதாவது மெஷின் ஆஃபில் இருக்கும்போதும் வரும் கரன்ட், வருகிறது என்று அர்த்தம். அப்போது என் சந்தேகம் முதலில் முன்பக்கப் பட்டன் மேல்தான் போகும். பத்து வருடம் விரல் பட்ட பிளாஸ்டிக் அது. பட்டனிலிருந்து வரும் இரட்டை வயர் போர்டின் ஓரத்தில் இரண்டு பின்னில் குத்தியிருக்கும், பக்கத்தில் பவர் என்று எழுதியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி அதை உருவிவிட்டு, மறுபடி கரன்ட் கொடுத்து, அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். மெஷின் கிளம்பினால் பட்டன்தான் போயிருக்கிறது. செலவே இல்லை: ரீசெட் பட்டன் வயரைப் பிடுங்கி பவர் பின்னில் குத்திவிட்டால் இனி ரீசெட்தான் உங்கள் பவர் பட்டன்.

கிளம்பவில்லையா, எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் 24 பின் பெரிய கனெக்டரைக் கழற்றுங்கள் (ரொம்பப் பழசு என்றால் 20 பின்). அதில் பச்சை வயர் ஒன்றே ஒன்று. ஜெம் கிளிப்பை நிமிர்த்தி அந்தப் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் இணைத்துவிட்டு, அப்புறம் சுவரில் சுவிட்ச் போடுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். லோடுக்கு, அதாவது கரன்டை இழுப்பதற்கு, ஒரு பழைய சிடி டிரைவை மாட்டிவையுங்கள். டிசைன் இருக்கும் ஹார்டு டிஸ்கை மட்டும் மாட்டிவிடாதீர்கள். ஃபேன் சுற்றியதாலேயே எஸ்எம்பிஎஸ் நல்லது என்று ஆகிவிடாது. மல்டிமீட்டர் வைத்தால் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். சில பிராண்டட் மெஷின்களில் வயர் வரிசையே வேறு, அவற்றில் இந்த வேலை வேண்டாம்.

நிஜமாகவே போர்டு போயிருந்தால் அதே மாடலைத் தேடுங்கள். வேறு போர்டில் உங்கள் டிஸ்கை மாட்டினால் எக்ஸ்பி பெரும்பாலும் நீலத் திரை காட்டி நின்றுவிடும்.

ஏற்காடு, காபி எஸ்டேட் ஆபீஸ்: மழை, பனி நாட்களில் காலையில் ஆன் ஆகாது. ஐந்தாறு தடவை அமுக்கினால் கிளம்பும். மத்தியானம் பிரச்சினையே இல்லை. என்ன மாயம் சார்?

மாயமில்லை, கெபாசிட்டர். கரன்டைச் சேர்த்துவைத்துச் சீராகக் கொடுக்கும் சின்ன உருளை அது. உள்ளே ஒரு திரவம் இருக்கும். வருடக்கணக்கில் அது காய்ந்துபோனால் கெபாசிட்டரின் உள்தடை ஏறும், குளிரில் இன்னும் ஏறும். நாலைந்து தடவை அமுக்குவதற்குள் கொஞ்சம் சூடாகி வேலை செய்யத் தொடங்குகிறது. 1,500 மீட்டர் உயரத்துக் குளிர் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அடிவாரத்தில் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடம் தெரியாமலே ஓடியிருக்கும். கோளாறு பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸில்தான் இருக்கும், எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடுங்கள். போர்டில் புராசசரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளின் தலையையும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். பூரி மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுவும் காலி. 2000-களின் முற்பாதியில் வந்த போர்டுகளில் இது சகஜம்.

மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வருகிற ஊர் என்பதால் ரேமையும் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் தங்க நிறப் பட்டைகளைத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். ரிப்பேருக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கொண்டுவந்தால் வந்ததும் சுவிட்சைப் போடாதீர்கள். குளிர்ந்த தகட்டில் கீழே இருக்கும் ஈரக்காற்று வியர்த்திருக்கும். ஒரு மணி நேரம் உலரட்டும்.

சூரமங்கலம்: எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து நானே கெபாசிட்டர் மாற்றலாமா? சால்டரிங் தெரியும்.

வேண்டாம் தம்பி. 230 வோல்ட் உள்ளே நேர் மின்சாரமாகி 325 வோல்ட் அளவுக்கு நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். சால்டரிங் ஆசையை மதர்போர்டில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிப் பட்டறை: ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது அண்ணா.

எங்கேயோ ஷார்ட் ஆகி எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. கொலுசுப் பட்டறை என்றால் என் முதல் சந்தேகம் அரத்தால் தேய்க்கும்போது பறக்கும் வெள்ளித் தூள்தான். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் சாமான். வெளியே வைத்து புளோயரால் அடியுங்கள், ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு. அப்புறம் டிஸ்க், சிடி டிரைவ், கார்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு புராசசர், ஒரு ரேமோடு மட்டும் போடுங்கள். அணையாமல் ஓடினால், ஒவ்வொன்றாக மாட்டி வாருங்கள். எதை மாட்டியதும் அணைகிறதோ அதுதான் ஆள். ஒரு சாமானும் இல்லாமலே அணைந்தால் போர்டுக்கு அடியில் கழன்று விழுந்த ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓமலூர், மாணவர்: செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினேன். படார் என்று சத்தம், புகை.

பின்னால் சிவப்பாக ஒரு தள்ளு சுவிட்ச், 115 என்று காட்டிக்கொண்டு இருக்குமே? நம்மூருக்கு 230-ல் இருக்க வேண்டும். அந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இனி வைத்தியமில்லை. போர்டு தப்பித்திருக்க வாய்ப்புண்டு.

ஜங்ஷன் பக்கம்: காசு மாதிரி இருக்கும் பேட்டரி தீர்ந்தால் ஆன் ஆகாதா?

பெரும்பாலும் தேதி, நேரம்தான் மறக்கும். ஒரு சில போர்டுகள் மட்டும் அடம்பிடிக்கும். 3 வோல்ட் பேட்டரி, 2.8-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள்.

வாழப்பாடி: கோடை இடிக்கு ஸ்பைக் கார்டு போதுமா?

போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், கூடவே இன்டர்நெட் வயரையும். இடி அந்த வழியாகவும் வரும்.

அம்மாப்பேட்டை, மறுபடியும்: அண்ணா, ரீசெட் வயரை மாற்றிக் குத்தினேன். ஓடுது!

சரி, அணைக்காதீர்கள். முதலில் டிசைன் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றுங்கள்.