யார் வைத்திருந்த கடிதம்?

அன்புள்ள ஐயா,

போன மாதம் மகளோடு புதுச்சேரி போயிருந்தேன். ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீட்டைப் பார்த்தோம். கையெழுத்துப் பிரதிகளில் பாதி எங்களுக்குப் பிடிபடவில்லை. "எல்லாம் புத்தகத்துலேயே இருக்கே, இதை எதுக்கும்மா பார்க்கணும்?" என்று மகள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று. என் தாத்தா ஏற்காட்டில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருக்கு இலக்கிய நண்பர்கள் எழுதிய கார்டுகளும் இன்லேண்டுகளும் மலைவீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. லேமினேட் செய்துவிடலாமா?

செ., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள செ.,

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். நீங்கள் கடைக்குக் கிளம்புவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது நம்மால் ஆகிற காரியமில்லை. செலோ டேப்பும் அதே கதைதான். சில வருடங்களில் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

சரி, மகளின் கேள்விக்கு வருகிறேன். கவிதையைப் படிக்க என்றால் புத்தகமே போதும், அவள் சொல்வது சரி. அடித்தல் திருத்தல்களைப் பார்க்கலாம், கவிஞரின் மனம் ஓடிய வழி தெரியும் என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கடிதம் என்று வரும்போது நான் முதலில் தேடுவது வேறு ஒன்றை: இது யாரிடம் இருந்தது? எழுதியவர் தபாலில் போட்டதோடு அது அவர் கையை விட்டுப் போய்விட்டது. இன்று கண்ணாடிக்குள் இருக்கிறதென்றால், அது போய்ச் சேர்ந்த வீட்டில் யாரோ பழைய பேப்பர்காரரிடம் போடாமல், வீடு மாறும்போதெல்லாம் கூடவே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்கள் பெயர் குறிப்பு அட்டையில் இருந்தால் உண்டு.

உ.வே.சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்தவர். பாரிஸிலிருந்து பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோன் தமிழிலேயே எழுதியது நமக்குத் தெரிவது அதனால்தான். ஐயர் மற்றவர்களுக்கு எழுதியவை? அவை அந்தந்த வீட்டுக்காரர்களின் பொறுப்பு.

அவர் கதையில் நம் ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார், சேலம் இராமசாமி முதலியார். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்தார். கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த ஐயர், தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். படித்ததில்லை என்றதும் தம்மிடமிருந்த பிரதியைக் கொடுத்துப் படிக்கச் செய்தார். ஏழு வருடம் கழித்து, 1887இல், ஐயரின் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. சிந்தாமணியை முதலியார் பதிப்பிக்கவில்லை. ஒரு பிரதியை வைத்திருந்தார், கொடுக்க வேண்டிய ஆளிடம் கொடுத்தார். சேலத்தில் இன்று எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று நான் விசாரிப்பதில்லை, வீண் எரிச்சல்.

உங்கள் தாத்தாவும் இந்த வரிசைதான். ஆகவே அந்தப் பெட்டியை முதலில் மலையிலிருந்து இறக்குங்கள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர் அது. தாளுக்குச் சேலத்துக் காய்ந்த காற்று எவ்வளவோ மேல். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள், துரு தாளை அரிக்கும். மடிப்பைப் பிரித்து, அமிலமில்லாத தாள் இடையிட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். நன்றாக இருக்கிறதே என்று ஃபிரேம் போட்டு மாட்டாதீர்கள். அருங்காட்சியகங்களே இத்தகைய தாள்களுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சம்தான் விடுகின்றன. வெளிறிய மை திரும்பி வராது.

அப்புறம் போனில் படம் எடுங்கள், இரண்டு பக்கமும். முகவரிப் பக்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள். தேதி போடாமல் எழுதுகிறவர்கள் அதிகம், அங்கே அஞ்சல் முத்திரைதான் சாட்சி. தபால்தலை சேர்க்கும் பேரப்பிள்ளைகள் தலையை வெட்டி எடுக்கும்போது முத்திரையும் சேர்ந்து போய்விடும். அப்படி ஓட்டை விழுந்த உறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், உங்கள் பெட்டியிலும் இருக்கலாம்.

அந்தப் படங்களை ஃபேஸ்புக்கில் போடும் முன் கொஞ்சம் பொறுங்கள். தாள் உங்களுடையது, எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. அந்தக் குடும்பங்களைத் தேடிப் பேசுங்கள். பேசும்போது அனுமதியோடு இன்னொன்றும் கேளுங்கள்: உங்கள் தாத்தா எழுதிய பதில்கள் அங்கே யாரிடமாவது இருக்கின்றனவா?