ஹைஃபெட்ஸின் ஈரம் – கடிதம்

அன்புள்ள சார்,

வயலின் மேதை யாஷா ஹைஃபெட்ஸ் வாசித்த, இசையமைப்பாளர் மாக்ஸ் புரூக்கின் இசைத்தட்டைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டுத் தேடிக் கேட்டேன். சிறுவயதில் ஆறு வருடம் கர்நாடக வயலின் கற்றவன் நான். கச்சேரி செய்யும் அளவுக்குப் போகவில்லை, ஆனால் காது கொஞ்சம் பழகியிருக்கிறது. அதில் வயலினும் ஆர்கெஸ்ட்ரா என்னும் பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் ‘ஸ்காட்டிஷ் ஃபேன்டஸி’யை மூன்று முறை கேட்டேன். விரல் சுத்தம், சுருதி சுத்தம் எல்லாம் அசாத்தியம். மனசுதான் அசையவில்லை. எங்கோ கிளம்ப நேரமாகிவிட்டதுபோல ஓடுகிறார். அப்புறம் அதையே இன்னொரு வயலின் மேதை டேவிட் ஓய்ஸ்ட்ராக் வாசித்துக் கேட்டேன். மூன்றாவது பகுதியில் கண் கலங்கிவிட்டது. ரொமான்டிக் இசை என்றால் உருக வேண்டாமா? ஹைஃபெட்ஸிடம் ஈரமே இல்லையே. நான் எதையாவது தவறவிட்டேனா?

எஸ்.,
மதுரை

அன்புள்ள எஸ்.,

ஓய்ஸ்ட்ராக்கைக் கேட்டுக் கண் கலங்கியதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள், நான் சொல்லப்போவதற்காகவும் வேண்டாம். அது மகத்தான வாசிப்பு. எனக்கும் அந்த மூன்றாவது பகுதி தொண்டையை அடைக்கும்.

ஆனால் ஹைஃபெட்ஸிடம் ஈரமில்லை என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு மூன்று வருடங்கள் நானும் உங்களைப் போலத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பதிவுகளும் ஒரே ஊரில் நடந்தவை. ஹைஃபெட்ஸ் 1961-ல் லண்டனின் வால்தம்ஸ்டோ நகர மண்டபத்தில் மால்கம் சார்ஜென்ட் நடத்த, நியூ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தார். ஓய்ஸ்ட்ராக் அடுத்த வருடமே யாஷா ஹோரன்ஸ்டைன் நடத்த, லண்டன் சிம்பொனியோடு. ஒருவர் வில்னாவில் பிறந்து பீட்டர்ஸ்பர்க்கில் படித்து 1917-ல் அமெரிக்கா போனவர். மற்றவர் ஒடெஸாக்காரர், கடைசிவரை சோவியத் குடிமகன். ஒரே படைப்பை இத்தனை வேறுபட்ட இரண்டு கைகளில், கிட்டத்தட்ட ஒரே காலத்துப் பதிவில் கேட்கக் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

முதலில் மைக் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹைஃபெட்ஸின் பதிவுகளில் வயலின் எப்போதும் மிக நெருக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கும். ஆர்கெஸ்ட்ரா பின்னால் எங்கோ இருக்கும், அவர் நம் மூக்குக்கு முன்னால் நின்று வாசிப்பார். நடுவில் உள்ள இரண்டு தந்திகளுக்கு அவர் கடைசிவரை ஆட்டுக்குடலில் செய்த பழைய நரம்பையே கட்டினார். வில் அதில் உரசும் கரகரப்புகூடக் கேட்கும். கூடத்தில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கரகரப்பு வந்து சேராது, காற்றில் கரைந்து இனிமை மட்டும்தான் வரும். நீங்கள் வறட்சி என்று கேட்டதில் ஒரு பங்கு இந்த நெருக்கம். அடுத்த முறை ஒலியைக் கொஞ்சம் குறைத்து, ஹெட்ஃபோன் இல்லாமல், அறையின் மறுமூலையில் இருந்து கேட்டுப்பாருங்கள்.

சரி, இனி உங்கள் முக்கியமான கேள்வி. ரொமான்டிக் என்றால் உருக வேண்டாமா?

இங்கே ரொமான்டிக் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு மனப்போக்கு. தொலைவில் இருப்பதன்மேல், இழந்துபோனதன்மேல், பார்த்திராத நாட்டின்மேல் வரும் ஏக்கம். இந்தப் படைப்பு அதற்கு நேரான உதாரணம். புரூக் ஜெர்மானியர். 1879–80 குளிர்காலத்தில் பெர்லினில் உட்கார்ந்து இதை எழுதினார். ஸ்காட்லாந்தை அதுவரை பார்த்ததில்லை. அச்சில் வந்த பழைய ஸ்காட்டிய மெட்டுகளின் தொகுப்பைப் படித்தே அந்த நாட்டை மனதில் கட்டிக்கொண்டார். தொடக்கத்துக்கு அவர் மனதில் இருந்த படம், இடிந்த கோட்டையின் முன் ஒரு முதிய பாணன் நின்று பழைய பெருமையை நினைத்துப் புலம்புவது என்று சொல்லப்படுகிறது. அதனால்தான் வயலினுக்குப் பக்கத்தில் ஹார்ப்பை உட்காரவைத்தார். படைப்பின் முழுத் தலைப்பிலேயே ஹார்ப் தனியாகக் குறிப்பிடப்படுகிறது. பாணன் என்றால் கையில் யாழ் இருக்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அங்கேயும் அப்படித்தான். ஹைஃபெட்ஸின் பதிவில் அதை வாசிப்பவர் ஓசியன் எல்லிஸ், வேல்ஸ்காரர். அங்கே ஹார்ப் மண்ணோடு ஒட்டிய வாத்தியம். அவர் வாசிப்பை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை முழுதாகக் கேட்டால்கூடத் தகும்.

அந்தத் தொடக்கத்துக்குப் போவோம். பித்தளைக் குழல்கள் தாழ்ந்த குரலில், சவ ஊர்வலம்போல, மெதுவாக வருகின்றன. பிறகு வயலின் நுழைகிறது. அது பாட்டாகத் தொடங்குவதில்லை, பேச்சாகத் தொடங்குகிறது. ஒரு வாக்கியம், மௌனம், இன்னொரு வாக்கியம். ஓய்ஸ்ட்ராக் இங்கே பெருமூச்சோடு பேசுகிறார். ஹைஃபெட்ஸ் சேதி சொல்பவரைப் போலப் பேசுகிறார். குரல் தட்டையாக இருப்பதுபோலத் தோன்றும். வாக்கியத்தின் முடிவுகளைக் கவனியுங்கள். ஓர் உச்ச ஸ்வரத்திலிருந்து கீழே இறங்கும்போது ஒரு சின்ன இழுப்பு, கண்ணிமைக்கும் நேரம்தான். அவர் எல்லாவற்றையும் அதற்குள் வைத்திருக்கிறார்.

உங்களுக்கு இது எளிதில் பிடிபட வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஜாரு வாசித்தவர், ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு விரலை வழுக்கிச்செல்லும் அந்தக் கமகத்தை. நம் வயலின்காரர் கீழே உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்வதால் இடதுகை தந்தியில் தடையின்றி ஓடும். அவர்கள் நின்றுகொண்டு, தாடையால் பிடித்தபடி இதைச் செய்கிறார்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, ஏற்கெனவே வைத்திருக்கும் விரலாலேயே இழுத்துப்போய் முடிவில் புது விரலை வைப்பது ஒரு முறை. அடுத்து வரவேண்டிய விரலை முதலிலேயே வைத்து, அதையே இலக்குவரை இழுத்துச்செல்வது இன்னொரு முறை. ஹைஃபெட்ஸின் அடையாளம் இந்த இரண்டாவதுதான். அதை அவர் தாளத்தை ஒரு மயிரிழைகூட நிறுத்தாமல் செய்கிறார். நமக்கு ஜாரு எங்கே வரலாம், வரக்கூடாது என்பதை ராகம் சொல்லிவிடும். புரூக்கின் தாளில் பெரும்பாலும் அப்படி எந்தக் குறிப்பும் இருக்காது. எங்கே இழுப்பது, எங்கே சும்மா விடுவது என்பது வாசிப்பவரின் மனசு. ஹைஃபெட்ஸ் பத்து இடத்தில் சும்மா விட்டு, பதினோராவது இடத்தில் இழுக்கிறார்.

என் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். பெரியப்பா இறந்துபோன நாளைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். கை நிற்கவேயில்லை, குரல் உடையவும் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் பொறுக்கிய கல்லைக் கீழே போடாமல் கொஞ்சநேரம் விரலிடுக்கில் வைத்திருந்தாள். ஹைஃபெட்ஸின் அந்த இழுப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல் ஞாபகம் வரும்.

உருக்கத்தைப் பற்றி இன்னொன்று. புரூக் இதை எழுதியபோது மனதில் வைத்திருந்தது ஸ்பெயின் நாட்டு வயலின் கலைஞர் பாப்லோ சரசாத்தேயை. படைப்பு அர்ப்பணிக்கப்பட்டதும் அவருக்கே. ஆனால் 1881-ல் லிவர்பூலில் முதலில் வாசித்தவர் அன்றைய இன்னொரு பெரிய வயலின் கலைஞர் யோசஃப் யோஆகிம். அந்த வாசிப்பு புரூக்குக்குத் திருப்தி தரவில்லை. இந்த இருவரின் ஒலிப்பதிவும் இன்று நமக்குக் கிடைக்கிறது! யோஆகிம் 1903-ல், எழுபது தாண்டிய வயதில் சில தட்டுகள் பதிவுசெய்தார். சரசாத்தே 1904-ல், அறுபது வயதில். இந்தப் படைப்பு அவற்றில் இல்லை, ஆனாலும் கேளுங்கள், ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். விரலை ஸ்வரத்தின்மேல் ஆட்டி ஒலியை நடுங்கவைக்கும் வைப்ரட்டோ இருக்கிறதே, இன்று நாம் உருக்கம் என்று உடனே அடையாளம் காண்பது அதைத்தான். யோஆகிமிடம் அது மிகக் குறைவு, ஊறுகாய்போலத் தொட்டுக்கொள்கிறார். சரசாத்தேயோ தெள்ளத்தெளிவு, லேசு, நம்ப முடியாத வேகம். தானே இயற்றிய ‘ஸிகாய்னர்வைஸன்’ பதிவின் நடுவில் ஒரு குரல் ஏதோ சொல்வதும் பதிவாகியிருக்கிறது, அவருடையதே என்பார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சுக்கும் இடமிருந்த கை அது.

ஒவ்வொரு ஸ்வரத்தையும் நிறைத்து நடுங்கவைக்கும் வாசிப்பு பிறகு, இருபதாம் நூற்றாண்டில், வயலின் கலைஞர் க்ரைஸ்லருக்குப் பின் பரவியது. ஹைஃபெட்ஸும் அந்தக் காலத்தவர்தான், அவருடைய வைப்ரட்டோ ஓயாதது, குறுகலானது, வேகமானது. ஆனால் அவரது வேகத்திலும் தெளிவிலும் சரசாத்தே இருக்கிறார். புரூக் கேட்க ஆசைப்பட்ட கைக்கு ஓய்ஸ்ட்ராக்கைவிட ஹைஃபெட்ஸே பக்கம் என்று நினைக்கிறேன். படைத்தவர் விரும்பியதுதான் சரி என்று சொல்லவரவில்லை. ஓடுகிறார் என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த ஓட்டத்துக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது.

அவரிடம் எனக்கு உள்ள குறையையும் சொல்லிவிட வேண்டும். கடைசிப் பகுதியில் சில இடங்களை வெட்டிவிட்டார். அது 1314-ல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை எதிர்த்து நின்ற பானக்பர்ன் போரில் ஒலித்ததாகச் சொல்லப்படும் மெட்டு, பின்னாளில் ஸ்காட்டியக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் வரிகள் எழுதியது. போர்ப்பாட்டுக்கு நீளம் வேண்டும், படை நகர வேண்டாமா? அந்த வெட்டு எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. ஓய்ஸ்ட்ராக் இங்கே ஜெயிக்கிறார், சந்தேகமே இல்லை.

பின்னாளில் ஒரே குறுந்தட்டில் சேர்ந்து வந்த புரூக்கின் ஜி மைனர் கான்சர்ட்டோவிலும் (தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த படைப்பு; 1962, அதே சார்ஜென்ட்) அவர் என் முதல் தேர்வு இல்லை. அதற்கு 1972-ல் இசை நடத்துநர் கெம்பேயோடு க்யுங்-வா சுங் வாசித்ததைக் கேளுங்கள். இருபத்துநான்கு வயதுப் பெண், பயமே இல்லாமல் வாசிக்கிறாள். பாவம் புரூக், இந்த கான்சர்ட்டோவை 250 தாலருக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம்) பதிப்பாளரிடம் மொத்தமாக விற்றுவிட்டார். அது உலகம் முழுக்கப் புகழ்பெற, அவருக்குப் பங்கு ஏதும் வரவில்லை. எல்லோரும் இதையே வாசிக்கிறார்கள், நான் எழுதிய மற்றவற்றை ஏன் தொடமாட்டேன் என்கிறார்கள் என்று கடைசிவரை அவருக்கு ஆற்றாமை. 1920-ல் வறுமையில் இறந்தார். அந்த மற்றவற்றில் ஒன்றான ஸ்காட்டிஷ் ஃபேன்டஸியை 1947-லேயே ஒருமுறை பதிவுசெய்து, பதினான்கு வருடம் கழித்து மறுபடியும் பதிவுசெய்தவர் ஹைஃபெட்ஸ். மனசுக்குள் ஒட்டாத ஒன்றை ஒருவர் இப்படித் திரும்பத் திரும்பத் தூக்கிச் சுமப்பாரா?

அதே தட்டில் இசையமைப்பாளர் வியூதாம்ப்பின் ஐந்தாவது வயலின் கான்சர்ட்டோ இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் இசைக்கல்லூரியின் போட்டிக்காக எழுதியது, சாகசம் நிறைய. நடுவில் இசையமைப்பாளர் கிரேத்ரியின் பழைய நாடகப்பாட்டு ஒன்று வரும். சொந்தக் குடும்பத்தின் மடியைவிட நல்ல இடம் எங்கே உண்டு என்பது அதன் வரி. அந்த எளிய மெட்டை ஹைஃபெட்ஸ் ஜோடனையே இல்லாமல் வாசிக்கிறார். கொஞ்ச நேரம்தான். ஈரமில்லை என்ற எண்ணத்தோடேயே போய் அதைக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு இடம். ஃபேன்டஸியின் முடிவில், போர்ப்பாட்டு முழங்கிக்கொண்டிருக்கும்போது, முதல் பகுதியின் மெல்லிய மெட்டு சட்டென்று சில நொடி திரும்பி வரும். இருவரையும் அந்த இடத்தில் மட்டும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். ஓய்ஸ்ட்ராக் அங்கே நின்றுவிடுகிறார். ஹைஃபெட்ஸ் போகிற போக்கில் திரும்பிப் பார்க்கிறார்.

அன்புடன்.