கட்டட வேலையில் அனுபவமுள்ள சிவில் இன்ஜினியர் நான். ஒரு கிராமத்துக்குக் குடிநீர்த் திட்டம் செய்யும் கல்லூரி மாணவர் குழுவுக்குத் தன்னார்வ வழிகாட்டியாக வரச் சொல்கிறார்கள். என் வேலை என்ன, எங்கே சொதப்பும்?

வரைபடம் போடுவதும் கணக்குப் போடுவதும் மாணவர்கள் வேலை. களத்தில் அளந்த எண் கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகவிடாமல் மறித்து நிற்பது உங்கள் வேலை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். பயணச் சீட்டு எடுத்தாகிவிட்டது, நிதி கொடுத்தவர்கள் படம் கேட்கிறார்கள், கடைசி ஆண்டு மாணவர்கள் இரண்டு மாதத்தில் கிளம்புகிறார்கள் என்ற நேரத்தில், "இந்த முறை எதையும் கட்ட வேண்டாம், அளந்துவிட்டு மட்டும் வாருங்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்போதுதான் கஷ்டம் தெரியும்.

இத்தகைய திட்டங்களில் பிழை சூத்திரத்தில் இருப்பது அபூர்வம். பைப்பில் உராய்வால் போகும் அழுத்தத்தைக் கணக்கிடும் ஹேசன்-வில்லியம்ஸ் சமன்பாட்டை மாணவர்கள் உங்களைவிட வேகமாக எக்செல்லில் போட்டுவிடுவார்கள். அதற்குள் போகும் நீரளவு, உயர வேறுபாடு, மக்கள்தொகை மூன்றும் யாரோ சொன்னதாகவோ இணைய வரைபடத்தில் பார்த்ததாகவோ இருக்கும். போதாக்குறைக்கு, கல்லூரிக்கு எப்போது விடுமுறையோ அப்போதுதான் குழு ஊருக்குப் போகும். அது மழை முடிந்த பருவமாக அமைந்தால் ஊற்று பொங்கி வழியும், எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பிவருவார்கள். 2002-ல் பெர்னார்ட் அமதேய் தொடங்கிய அமெரிக்க 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' அமைப்பு, ஓர் ஊரோடு ஐந்தாண்டு உறவு வேண்டும் என்று மாணவர் கிளைகளிடம் கேட்கிறது. ஆய்வு, கட்டுமானம், கண்காணிப்பு என்று வேலையைக் கட்டங்களாகவும் பிரித்துவைத்திருக்கிறது. உங்கள் குழு எந்த அமைப்பின் கீழ் இருந்தாலும் இந்தப் பிரிவினையைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீர் ஆதாரத்தில் தொடங்குவோம். ஊற்று என்றால் 20 லிட்டர் வாளியும் ஸ்டாப் வாட்ச்சும் போதும். நீர் முழுவதும் ஒரே பைப் வழியே விழும்படி களிமண்ணால் சின்ன அணை கட்டி, வாளி நிரம்பும் நேரத்தை ஐந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள். 80 விநாடி என்றால் விநாடிக்கு 0.25 லிட்டர், நாளொன்றுக்கு 21,600 லிட்டர். வடிவமைப்புக்கு உதவுவது வறண்ட பருவத்தின் கடைசி வாரங்களில் எடுத்த அளவுதான். அப்போது மாணவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். அதனால் ஊரில் ஒருவரிடம் வாளியும் நோட்டும் கொடுத்து, வாரம் ஒருமுறை அளந்து ஓராண்டுக்கு எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். பிற்பாடு அமைப்பைப் பராமரிக்கவும் அவரே பொருத்தமானவராக இருக்கக்கூடும். ஆழ்துளைக் கிணறு என்றால், தோண்டியவர் கம்ப்ரசரால் ஊதிக் காட்டிய அளவை வைத்து மோட்டார் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். ஒரே வேகத்தில் 24 மணி நேரம் இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்ற இரண்டையும் குறிக்க வேண்டும்.

அடுத்தது தேவை. 300 பேர், ஆண்டுக்கு 2% வளர்ச்சி, 20 ஆண்டு என்றால் சுமார் 446 பேர். ஆளுக்கு 30 லிட்டர் என்றால் 13,400 லிட்டர். மேலே சொன்ன ஊற்று தாங்கும். ஆளுக்கு 50 லிட்டர் என்று வைத்தால் 22,300 லிட்டர், தாங்காது. ஆக, திட்டம் நடக்குமா நடக்காதா என்பதே அந்த ஒரு எண்ணில் தொங்குகிறது. அதை மாணவர்கள் ஏதோ ஒரு கையேட்டிலிருந்து எடுத்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். பத்து வீட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து குடம் எண்ணிவிட்டு வரட்டும். மாடுகளையும் கேட்கச் சொல்லுங்கள்: ஒரு மாடு நாளொன்றுக்கு 30 முதல் 50 லிட்டர் குடிக்கும், குழாயடிக்கு வரவே செய்யும். ஊரார் காலையிலும் மாலையிலும்தான் தண்ணீர் பிடிப்பார்கள். இரவு பத்து மணி நேரத்தில் ஊற்று தருவது 9,000 லிட்டர். அதைப் பிடித்துவைக்க 10,000 லிட்டர் தொட்டி வேண்டும், அதற்குமேல் தேவையில்லை.

பெரும்பாலான குழுக்கள் வழுக்கி விழும் இடம் உயரம். கைபேசி ஜிபிஎஸ் காட்டும் உயரம் பத்து மீட்டர் பிசகுவது சாதாரணம். தொட்டிக்கும் குழாயடிக்கும் 25 மீட்டர்தான் வித்தியாசம் என்றால் அந்தப் பிசகு திட்டத்தையே விழுங்கிவிடும். முக்காலியில் வைத்து மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபால் ஒரு கிலோமீட்டரையும் அளந்துவிடலாம். இரண்டு நாள் முதுகு வலிக்கும், அவ்வளவுதான். கீழே போய், மறுபடி அளந்துகொண்டே மேலே வந்து, தொடங்கிய புள்ளியில் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். திரும்பி அளக்காத சர்வேயை ஏற்காதீர்கள்.

இனி பைப். நான்கு குழாய்கள், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 7.5 லிட்டர், எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தால் விநாடிக்கு 0.5 லிட்டர். உள்விட்டம் 32 மி.மீ. என்றால் ஒரு கிலோமீட்டரில் உராய்வால் போவது சுமார் 15 மீட்டர். ஆனால் எச்டிபிஈ (பாலிஎத்திலீன்) பைப்பில் எழுதியிருக்கும் 32 என்பது வெளிவிட்டம். தடித்த ரகத்தில் உள்ளே இருப்பது 26 மி.மீ.தான், அதில் இழப்பு 40 மீட்டருக்கு ஏறிவிடும். 25 மீட்டர் வீழ்ச்சி உள்ள இடத்தில் முதல் கணக்குப்படி தண்ணீர் தாராளமாக வரும்; இரண்டாவதன்படி வடிவமைத்த அளவு வரவே வராது. மாணவர்களின் எக்செல்லைத் திறந்ததும் முதலில் உள்விட்டம் எழுதியிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். பிழை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது, குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது என்ன அழுத்தம் என்று கேளுங்கள். நீர் ஓடும்போது உள்ள அழுத்தத்தை மட்டும் போட்டுவிட்டு வருவது வழக்கம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார். பிஎன் 6 என்று குறித்த பைப் 6 பார், அதாவது 60 மீட்டர் வரைதான் தாங்கும். இரவில் எல்லாக் குழாயும் மூடிய பிறகு வெடிப்பது அதனால்தான். வீழ்ச்சி அதைவிட அதிகமென்றால் இடையில் அழுத்தம் உடைக்கும் தொட்டி வேண்டும். அதில் இருக்கும் மிதவை வால்வு சீக்கிரம் பழுதாகும் பாகம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மூன்றாவது, காற்று. பைப் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று தங்கினால், உயரக் கணக்கு சரியாக இருந்தும் தண்ணீர் வராது. ஒவ்வொரு மேட்டிலும் காற்று வெளியேற்றும் வால்வு, ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டல் கழிக்கும் வால்வு. நெடுக்குவெட்டுப் படம் வரைந்தால் இவை தாமாகத் தெரியும், மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் தெரியாது. பைப்பை 60 செ.மீ.க்குக் குறையாமல் புதைக்க வேண்டும். அழுத்தச் சோதனை முடியும்வரை இணைப்புகளை மட்டும் மூடாமல் வைத்திருங்கள்.

தொட்டியின் உயரத்திலேயே ஊற்று இல்லாமல், 60 மீட்டர் கீழிருந்து சோலார் பம்பால் ஏற்ற வேண்டும் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு நாளைக்கு வேண்டிய நீரின் கன மீட்டரை உயரத்தால் பெருக்கி 2.725-ஆல் பெருக்கினால் வாட்-மணி; ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட். மேலே கண்ட 13,400 லிட்டருக்கு, அதாவது 13.4 கன மீட்டருக்குச் சுமார் 2.2 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்த்து 45% திறன் என்றால் 4.9 யூனிட். முழு வெயில் ஐந்து மணி நேரம் என்றால் ஒரு கிலோவாட் பேனல், தூசிக்கும் சூட்டுக்கும் கால் பங்கு கூட்டினால் 1.2 கிலோவாட். மாணவர்கள் காட்டும் எண் இதிலிருந்து இரண்டு மடங்கு விலகியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தண்ணீரின் தரத்தை முதல் பயணத்திலேயே பார்த்துவிட வேண்டும். கட்டி முடித்தபின் பார்த்துப் பயனில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள்: ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், ஃபுளோரைடு 1.5 மி.கி., நைட்ரேட் 50 மி.கி. இவற்றைக் குளோரின் நீக்காது, கொதிக்கவைப்பதும் நீக்காது. நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகத்தான் ஆகும். இவை மீறினால் ஆதாரத்தை மாற்றுவதுதான் மாணவர் குழுவால் முடிகிற தீர்வு. சுத்திகரிப்பு ஆலையைக் கட்டிவிட்டு வந்தால் அதில் வடிகட்டும் பொருளை யார் மாற்றுவது? மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மி.லி.யில் பூஜ்யமாக இருக்க வேண்டும். மாதிரியைக் கிருமிநீக்கிய பாட்டிலில் எடுத்து, பனிப்பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். குளோரின் கலந்த நீர் என்றால் பாட்டிலில் சோடியம் தயோசல்ஃபேட் இருக்க வேண்டும். இல்லையென்றால் வழியிலேயே கிருமி செத்து, பொய்யான நல்ல செய்தி வரும். முதல் மழைக்குப் பிறகு ஒரு மாதிரி அவசியம். அழுக்கு அடித்துக்கொண்டு வருவது அப்போதுதான்.

குளோரின் அளவை ஊகிக்க விடாதீர்கள். 65% கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் 15 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் 1% கரைசல். நான்கு வாளிகளில் 20 லிட்டர் ஊற்று நீர் எடுத்து 2, 4, 6, 8 மி.லி. ஊற்றினால் லிட்டருக்கு 1, 2, 3, 4 மி.கி. ஆகும். முப்பது நிமிடம் கழித்து நிறத்தை வைத்துக் குளோரினைக் காட்டும் டிபிடி கருவியால் மிச்சக் குளோரினை அளந்து, 0.5 மி.கி. காட்டும் வாளியின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் குழாயில் 0.2-க்குக் குறையக் கூடாது. பிஹெச் 8-க்கு மேல் போனாலும், கலங்கல் 5 என்டியுவுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) மேல் இருந்தாலும் இந்தக் கணக்கு நிற்காது. முதலில் கலங்கலைத் தெளியவைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் என்றால் புதிதாக இருக்கும்போதே 30% சுமார்தான், ஈரத்திலும் வெயிலிலும் கிடந்தால் இன்னும் குறையும். புதுத் தொட்டியைக் கழுவ லிட்டருக்கு 50 மி.கி. வேண்டும்: 10,000 லிட்டருக்கு 65% தூள் 770 கிராம். இரவு முழுக்க வைத்துவிட்டு வடித்துவிடுங்கள், ஓடையில் மட்டும் விட வேண்டாம். தூளை நீரில்தான் போட வேண்டும், தூளின் மேல் நீரை ஊற்றக் கூடாது. நீச்சல் குள வில்லைகளை இதோடு கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

வீட்டுக்கு வீடு மணல் வடிகட்டி வைக்கும் யோசனையும் வரும். நன்றாக வேலை செய்யும் பொருள்தான். மணலுக்கு மேல் 5 செ.மீ. நீர் எப்போதும் நிற்க வேண்டும், வேகம் நிமிடத்துக்கு 0.4 லிட்டரைத் தாண்டக் கூடாது, மணலின் மேல் வளர்ந்து கிருமியைக் குறைக்கும் உயிர்ப்படலம் முதிர முப்பது நாள் வரை ஆகலாம். மாணவர்கள் பத்து நாளில் சோதித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்பார்கள். வைத்த இடத்திலிருந்து நகர்த்தினால் மணல் குலைந்து மறுபடி முதலிலிருந்துதான். அடிபம்பு என்றால் ஒரே எச்சரிக்கை: நிலத்தடி நீரின் பிஹெச் 6.5-க்குக் கீழே இருந்தால் கால்வனைஸ் இரும்புப் பைப் அரிக்கும். தண்ணீர் சிவந்து, சுவை கெட்டு, மக்கள் பழைய குளத்துக்கே போய்விடுவார்கள். பம்பு நன்றாகவே இருக்கும், ஆனால் யாரும் வர மாட்டார்கள்.

வழிகாட்டும் முறை பற்றி ஒன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'அளந்தது', 'கேட்டது', 'ஊகித்தது' என்ற மூன்றில் ஒன்றையும், தேதியையும், எடுத்தவர் பெயரையும் எழுதவையுங்கள். கட்டுமானப் பயணத்துக்கு முன் 'ஊகித்தது' ஒன்றுகூட நீரளவிலும் உயரத்திலும் இருக்கக் கூடாது. பிழையைக் கண்டால் திருத்திக் கொடுக்காமல், "இந்த வால்வை மூடினால் கீழே என்ன ஆகும்?" என்று கேட்டு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் இளைய மாணவர்கள் பாதிப்பேராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு ஊர்க்காரர்களுக்குத்தான் திட்டம் தெரியும், குழுவுக்குத் தெரியாது. பைப் எங்கே புதைந்திருக்கிறது என்ற படத்தைக் களத்தை விட்டுக் கிளம்பும் முன்பே முடிக்கச் சொல்லுங்கள். வீடு திரும்பியபின் அதை யாரும் வரைந்ததில்லை.

பராமரிப்புச் செலவை மாணவர்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக வைப்பார்கள். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்: ஆண்டுக்குக் குளோரின் எவ்வளவு, மிதவை வால்வும் வாஷரும் எந்தக் கடையில் கிடைக்கும், அங்கே போய்வர எவ்வளவு நேரம், பணம் யாரிடம், சாவி யாரிடம். உள்ளூரில் கிடைக்காத பாகம் ஒன்று வடிவமைப்பில் இருந்தால் அதை எடுத்துவிட்டு மாற்று தேடச் சொல்லுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாத இரண்டு: ஆளுயரப் பள்ளத்தில் பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது, கிணற்றுக்குள் பெட்ரோல் பம்பை இறக்கி ஓட்டக் கூடாது, அதன் புகை நிமிடங்களில் ஆளைக் கொல்லும்.

உங்கள் அனுபவம் கட்டடத்தில் என்பதால் தொட்டியின் அடித்தளம், கம்பி, கான்கிரீட் கலவை எல்லாவற்றையும் நீங்களே கையெழுத்திட்டு அனுப்பலாம். நிலத்தடி நீருக்கும் நீர் வேதியியலுக்கும் தனியாக ஓர் ஆளைக் கேளுங்கள். அவர் ஊருக்கு வரத் தேவையில்லை. இறைப்புச் சோதனைத் தாளையும் ஆய்வக முடிவையும் படித்துச் சொன்னால் போதும். அப்படி ஒருவர் கிடைத்த பிறகு குழுவுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.