ஏற்காடு ஏற்றத்தில் சைக்கிள் குழு ஏன் சிதறுகிறது? 'கூடுமிடம்' எதற்கு?

கூடுமிடம் என்பது, முன்னே போனவர்கள் நின்று கடைசி ஆளுக்காகக் காத்திருக்க முன்கூட்டியே குறித்துவைக்கும் இடம். சேலத்தின் சமதளத்தில் இது அவ்வளவாகத் தேவைப்படாது. அங்கே முக்கியத் தடை காற்று. முன்னவருக்குப் பின்னால் ஒட்டி ஓட்டினால் பலம் குறைந்தவரும் ஈடுகொடுப்பார். அடிவாரம் தாண்டியதும் வேகம் மணிக்கு 8–10 கி.மீ.க்கு இறங்கிவிடும். அப்போது காற்று பொருட்டே இல்லை. உடலையும் சைக்கிளையும் மேலே தூக்குவதுதான் வேலை. அதை அவரவர்தான் செய்தாக வேண்டும். மலைக்கோயில் படியில் குடும்பம் பிரிந்து பிரிந்து ஏறுவது போலத்தான்.

ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் இதற்கு வசதி: 5, 10, 15 தாண்டியதும் கூடலாம். ஆனால் வளைவிலேயே நிற்காதீர்கள். பஸ் திரும்பச் சாலையின் முழு அகலமும் எடுக்கும். மார்கழி மூடுபனியில் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். அகலமான ஓரம் பார்த்து நில்லுங்கள், பின்விளக்கு எரியட்டும். நின்றவுடனே ஜாக்கெட் போடுங்கள். வியர்வையில் நனைந்த சட்டை சில நிமிடத்தில் நடுக்கம் தந்துவிடும். இறக்கத்துக்குக் கையுறை அவசியம், விரல் மரத்தால் பிரேக் பிடி தளரும்.

"மெதுவானவரை முன்னால் விட்டால் குழு சிதறாது" என்பார்கள். ஏற்றத்தில் அப்படிச் செய்தால் பின்னால் வருபவர்கள் வேகமின்றித் தள்ளாடுவார்கள், முன்னால் போகிறவரோ கூச்சத்தில் சக்திக்கு மீறி மிதித்துப் பாதியிலேயே களைத்துவிடுவார்.