கருஞ்சேற்றைக் கிளறும் முன்

கேள்வி: கடலோரச் சதுப்பில் ஏறக்குறைய 4 ஏக்கருக்கு ஒரு பழைய ஆலையின் கழிவு கொட்டிக் கிடக்கிறது. சாம்பல், உலோகக் கசடு, துருப்பிடித்த டிரம்கள் எல்லாம் உண்டு. பொக்லைன் வைத்து அடிவரை தோண்டி லாரியில் ஏற்றிவிட்டு, நல்ல மண் கொட்டி நிரப்பினால் வேலை முடிந்தது என்கிறார் ஒப்பந்தக்காரர். சரிதானா?

பதில்: பாதி சரி. மேலே குவிந்திருப்பதை அள்ளத்தான் வேண்டும். டிரம்களை முதலில், தனியாக, உடையாமல். அதற்கு அடியில் உள்ள கருஞ்சேற்றையும் யோசிக்காமல் வாரினால்தான் வம்பு.

அந்தச் சேற்றில் கையுறையோடு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். கன்னங்கரேல் என்றிருக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றியதன் அடையாளம் அது. ஈயம், துத்தநாகம், காட்மியம், செம்பு ஆகியவற்றில் பெரும்பகுதி இந்தச் சல்பைடோடு பிணைந்து கரையாமல் கிடக்கிறது. அதே பிடியைத் தட்டில் பரப்பிக் காயவிட்டால் கருமை போய்ப் பழுப்பேறும். சேற்றில் உள்ள இரும்புச் சல்பைடு காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகும். வாரக்கணக்கில் விட்டால் பி.எச். (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 4-க்குக் கீழேகூட இறங்கும். அமிலம் உலோகங்களை அவிழ்த்துவிடும். தோண்டிக் கரையில் குவித்த சேறு கோடை முழுக்கக் காய்ந்து, முதல் மழையில் ஓடைக்குள் வழியும்போது மீன்கள் செத்து மிதப்பது இப்படித்தான்.

எனவே தோண்டும் முன் மாதிரி எடுங்கள். 25 மீட்டர் இடைவெளிக் கட்டங்களாகப் பிரித்தால் 4 ஏக்கருக்குச் சுமார் 26 இடங்கள் வரும். ஒவ்வொன்றிலும் மேல் 15 செ.மீ. தனியாகவும், அதன் கீழே அரை மீட்டருக்கு ஒன்றாகவும், பழைய இயற்கைச் சேற்றுக்குள் இன்னும் அரை மீட்டர் வரைக்கும் எடுக்க வேண்டும். குப்பியில் காற்று இடம் இல்லாமல் நிரப்பி ஐஸில் வையுங்கள். நிலத்தடி நீரை வற்றம் (கடல்நீர் இறங்குவது) முடியப்போகும் நேரத்தில் எடுங்கள். ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே ஏறி நஞ்சை நீர்த்துப்போகச் செய்யும். அப்போது எடுத்த மாதிரி எல்லாம் சுத்தம் என்று சொல்லும். களிமண் அடுக்கைத் துளைத்தால் துளையை உடனே பென்டோனைட்டால் (நீர் பட்டால் உப்பி அடைக்கும் களிமண்) அடைக்க வேண்டும், இல்லையென்றால் நஞ்சு கீழே இறங்க நீங்களே வழி வெட்டியதாகும்.

அமில அபாயத்தைக் களத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு கரண்டிச் சேற்றில் விட்டால் பொங்கிச் சூடேறும். அடங்கிய பின் பி.எச். 3-க்குக் கீழ் போனால் எச்சரிக்கை. தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். இலைமக்கும் பொங்கும் என்பதால் முடிவை ஆய்வகத்தில் உறுதி செய்யுங்கள்.

சுண்ணாம்பின் அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சேற்றில் சல்பைடுக் கந்தகம் 1 சதவீதம் இருந்தால், உலர் எடையில் ஒரு டன்னுக்குச் சுத்தமான கால்சியம் கார்பனேட் 31 கிலோ வேண்டும். கலப்பு எங்கும் ஒரே சீராக அமையாது. அதனால் ஒன்றரை மடங்கு, அதாவது 47 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தூள் மாவு போல இருக்க வேண்டும். குருணையாக இருந்தால் அதன்மேல் இரும்பும் ஜிப்சமும் படிந்து, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வேலை செய்யாது. "கிளிஞ்சல் நிறைய கிடக்கிறது, சுண்ணாம்பே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆய்வகத்தில் கிளிஞ்சலைப் பொடித்துச் சோதிப்பதால் கணக்கில் வருகிறது. களத்தில் முழுசாகக் கிடக்கும் ஓடு அந்த அளவுக்கு அமிலத்தை அடக்காது.

தோண்ட வேண்டிய இடம், நஞ்சு செறிந்த திட்டுகள் மட்டும். ஒரு நேரத்தில் சிறு பாத்தி அளவுக்கு வரப்போ தகட்டுச் சுவரோ கட்டி, வற்றத்தில் தோண்டி, ஏற்றம் வருமுன் மூடிவிடக்கூடிய அளவில் வேலையைப் பிரியுங்கள். அடிமண்ணின் சோதனை முடிவு வருவதற்குள் தண்ணீர் ஏறிவிடும் என்றால் சுவர் ஏற்றத்தின் உச்ச மட்டத்துக்கும் மேலே நிற்க வேண்டும். இயந்திரம் மரப்பாய் மேல் நகரட்டும். இறைக்கும் நீரை ஓடையில் விடாமல் தொட்டியில் தெளியவைத்துச் சுத்திகரியுங்கள். லாரியில் ஏற்றும் சேற்றில் நீர் சொட்டக் கூடாது: 100 மில்லி சேற்றைப் பெயின்ட் வடிகட்டியில் 5 நிமிடம் வைத்தால் ஒரு துளிகூட விழாமல் இருக்க வேண்டும்.

மீதிச் சேற்றை அங்கேயே விட்டு, 30 செ.மீ. சுத்த மணலால் மூடலாம். மொத்தமாகக் கொட்டினால் சேறு பக்கவாட்டில் பிதுங்கி மேலே வரும், 10 செ.மீ. அடுக்குகளாகப் பரப்புங்கள். எண்ணெய், பி.சி.பி. (பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த நச்சு வேதிப்பொருள்) போன்றவை கலந்திருந்தால், நஞ்சை உறிஞ்சிப் பிடிக்கும் கிளர்வூட்டிய கரித்தூளும் சேர்க்க வேண்டும். பாதரசம் இருந்தால் மட்டும் இந்த முடிவுக்கு அவசரப்படாதீர்கள்: காற்றில்லாச் சேற்றில் அது மெத்தில் பாதரசமாகி மீனில் ஏறும்.

நிரப்பும் உயரத்தை வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். பக்கத்தில் செழித்து நிற்கும் சதுப்புச் செடியின் அடிமட்டத்தை மட்டக்கருவியால் அளந்து, மண் அமுங்கும் அளவையும் கூட்டி அதற்கு ஒப்பாக நிரப்புங்கள். ஒரு சாண் மேலே போனாலே உப்புப் பூத்த தரிசாகலாம், கீழே போனால் செடி மூழ்கும்.

ஒப்பந்தத்தில், லாரிக் கணக்கில் பணம் கொடுப்பதாக எழுதாதீர்கள். ஈரச்சேற்றில் பாதி தண்ணீர்தான், அள்ளியதும் உப்பவும் செய்யும். தோண்டும் முன்னும் பின்னும் எடுத்த மட்ட அளவின் வித்தியாசத்துக்குத்தான் கூலி.