ஆபிரகாம் லிங்கனின் தாத்தாவிடம் 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது என்றால், லிங்கன் ஏன் வறுமையில் வளர்ந்தார்?

கேள்வி கேட்டவர் இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வியந்திருக்கிறார். தாத்தா ஒரு படைத்தலைவர், பெரும் நிலக்காரர்; பேரனோ 1809இல் கென்டக்கியில் ஒற்றை அறை மரக்குடிலில் பிறந்து, பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதிக்காமலே வளர்ந்தவர். இரண்டும் உண்மைதான். இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் 1786இல் அந்தத் தாத்தா சுட்டுக் கொல்லப்பட்டதைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அந்தக் குடும்பத்தின் பத்திரங்களையும் கடிதங்களையும் நெடுங்காலமாக ஆர்வத்தோடு படித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் குடும்பத்தை இறக்கிவிட்டதில் துப்பாக்கிக் குண்டுக்கு இருக்கும் பங்கைவிட வாரிசுச் சட்டத்துக்கும் வில்லங்கமான நிலப் பத்திரங்களுக்கும் இருக்கும் பங்கு பெரிது.

முன்னோர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாமுவேல் லிங்கன் என்பவர் 1637இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து மாசசூசெட்ஸின் ஹிங்கம் ஊருக்கு வந்தார். அவருடைய மகன் மொர்தகாய் இரும்புத் தொழிலில் நல்ல நிலையை அடைந்தார். பேரன் இன்னொரு மொர்தகாய் நியூ ஜெர்சி வழியாகப் பென்சில்வேனியாவுக்குப் போனார். அவருடைய மகன் ஜான் 1768இல் தெற்கே இறங்கி, வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் லின்வில் ஓடைக்கரையில் 600 ஏக்கர் வாங்கினார். ஒவ்வொரு தலைமுறையும் புது நிலத்தைத் தேடி நகர்ந்தது என்பதையும், எந்தத் தலைமுறையும் ஏழையாக இருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஜானின் மூத்த மகன்தான் நம் கேள்விக்குரிய தாத்தா. 1744இல் பென்சில்வேனியாவில் பிறந்த அவர் பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான்.

அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் அவர் வர்ஜீனியாவின் குடிப்படையில், முதலில் ஆகஸ்டா கவுண்டியிலும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) பின்பு 1778இல் புதிதாகப் பிரிக்கப்பட்ட ராக்கிங்கம் கவுண்டியிலும், கேப்டனாக இருந்தார். அவர் தலைமையில் இருந்த ஏறத்தாழ அறுபது பேரும் அக்கம்பக்கத்து விவசாயிகளே. ஆளுநரிடமிருந்து அழைப்பு வந்தால் ஏரை நிறுத்திவிட்டுப் புறப்பட வேண்டியவர்கள். 1778இன் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இந்தப் படை ஜெனரல் லாக்லன் மெக்கின்டாஷின் கீழ் மேற்கே சென்று, பென்சில்வேனியாவில் மெக்கின்டாஷ் கோட்டையையும் ஒஹையோவில் லாரன்ஸ் கோட்டையையும் கட்டும் பணியில் ஈடுபட்டது.

குடும்பத்தின் பெரிய திருப்பம் 1780இல் வருகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் லின்வில் ஓடைக்கரையில் இருந்த தம் பண்ணையை ஆபிரகாம் 5,000 பவுண்டுக்கு விற்றார். தொகையைப் பார்த்து மலைத்துவிடக் கூடாது. போர்ச் செலவுக்காக அச்சடித்துத் தள்ளிய காகிதப் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே அடுத்த மாதம் அறிவிக்க வேண்டியதாயிற்று. கையில் வைத்திருந்தால் கரைந்துபோகும் பணத்தை நிலமாக மாற்றிவிடுவதே அன்றைய விவேகம். 1780 மார்ச் 4 அன்று அவர் வர்ஜீனியா நில அலுவலகத்தில் 160 பவுண்டு செலுத்தி, கென்டக்கியில் 400 ஏக்கர் எடுத்துக்கொள்வதற்கான உரிமைச் சீட்டு ஒன்றைப் பெற்றார். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய அந்தச் சீட்டில் அவர் பெயர் 'ஆபிரகாம் லிங்க்ஹார்ன்' என்று இருக்கிறது.

அந்தச் சீட்டு எந்த நிலத்தையும் குறிப்பிடவில்லை என்பதுதான் இந்தக் கதை முழுவதற்கும் அடித்தளம். சீட்டை வாங்கியவர் தாமே காட்டுக்குப் போய், யாரும் உரிமை கொண்டாடாததாகத் தமக்குத் தோன்றும் இடத்தைப் பார்த்து, கவுண்டி நில அளவையாளரை அழைத்து அளந்து, பதிவு செய்து, பட்டா வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆபிரகாமின் 400 ஏக்கர், இன்றைய லூயிவில் நகருக்குக் கிழக்கே லாங் ரன் ஓடைக்கரையில் 1785 மே 7 அன்று அளக்கப்பட்டது. அந்த அளவைத் தாளில் லிங்கன் குடும்பத்து ஆட்கள் அளவுச் சங்கிலி பிடித்ததும், ஆபிரகாமே எல்லை மரங்களில் குறி வெட்டியதும் பதிவாகியிருக்கின்றன. இப்படி வெவ்வேறு சீட்டுகளாலும் கிரயங்களாலும் அவர் பெயரில் சேர்ந்த நிலம் 5,500 ஏக்கரைத் தாண்டியது.

அந்த நிலம் வெறும் காடாகக் கிடந்தது என்று நினைப்பது பெரும் அநீதி. கென்டக்கி, ஷானி என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய நிலம். 1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டை உடன்படிக்கையில் அதை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தவர்கள் இரோகுவா என்ற வேறொரு பூர்வகுடிக் கூட்டமைப்பினர். அங்கே வேட்டையாடிய ஷானி மக்களின் ஒப்புதல் அதில் இல்லை. 1775இல் டேனியல் பூன் என்ற எல்லைப்புற வழிகாட்டி கம்பர்லாந்து கணவாய் வழியாகப் பாதை வெட்டிய பின் குடியேறிகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். ஆங்கிலேயருடனான போர் 1783இல் முடிந்தும் ஒஹையோ ஆற்றங்கரையில் போர் ஓயாததற்கு இதுவே காரணம். கேப்டன் லிங்கன் தம் மனைவி பாத்ஷீபா, மகன்கள் மொர்தகாய், ஜோசையா, தாமஸ், மகள்கள் மேரி, நான்சி ஆகியோரோடு வந்து இறங்கியது இந்தப் போருக்கு நடுவேதான்.

1786 மே மாதம், லாங் ரன் நிலத்தில் மூன்று மகன்களோடு வேலை செய்துகொண்டிருந்தபோது காட்டுக்குள்ளிருந்து வந்த குண்டு பட்டு அவர் விழுந்தார். அதன்பின் நடந்ததைக் குடும்பம் இப்படிச் சொல்லி வந்தது: ஜோசையா உதவி தேடி அருகிலிருந்த ஹியூஸ் காவல் குடியிருப்புக்கு ஓடினான், மூத்தவன் மொர்தகாய் குடிலுக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்தான், எட்டு வயது தாமஸ் தந்தையின் உடல் அருகிலேயே நின்றுவிட்டான். சிறுவனை நோக்கித் தாக்கவந்த பூர்வகுடியினரில் ஒருவன் வருவதை மரக்கட்டைகளுக்கு இடையிலான துளை வழியே பார்த்த மொர்தகாய், அவன் மார்பில் மின்னிய அணியைக் குறிவைத்துச் சுட்டு வீழ்த்தினான். அந்தச் சிறுவன் தாமஸ்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரின் தந்தை.

தம் மனத்திலும் நினைவிலும் வேறெதையும்விட ஆழமாகப் பதிந்த கதை இதுதான் என்று லிங்கன் 1854இல் தம் உறவினர் ஒருவருக்கு எழுதினார். அந்தக் கொலை 1784 வாக்கில் நடந்ததாகவே அவர் நம்பினார். ஆனால் 1785 மே மாத அளவைத் தாளில் தாத்தா உயிரோடு நின்று மரத்தில் குறி வெட்டிக்கொண்டிருக்கிறார். குடும்பக் கதை உணர்ச்சியைப் பத்திரமாகக் காக்கும், ஆண்டைக் காக்காது என்று குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 1848இல் ஹிங்கம் ஊரைச் சேர்ந்த சாலமன் லிங்கன் என்பவர் வம்சாவளி கேட்டு எழுதியபோதும், தாத்தாவுக்கு மேலே உறுதியாகச் சொல்ல லிங்கனிடம் ஏதும் இல்லை; முப்பாட்டனார் பென்சில்வேனியாவிலிருந்து வந்த குவேக்கர் (ஒரு கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்) என்ற மங்கலான செவிவழிச் செய்தி மட்டுமே இருந்தது. இப்போது நாம் தடையின்றிச் சொல்லும் ஹிங்கம் வரையிலான வம்சாவளி பிற்கால ஆய்வாளர்கள் நிலப் பத்திரங்களையும் உயில்களையும் தோண்டித் துருவிக் கண்டது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஆபிரகாம் உயில் எழுதாமல் இறந்தார். கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் ஒரு பகுதி என்பதால், அங்கே செல்லுபடியானது வர்ஜீனியாவின் சட்டம். அந்தச் சட்டப்படி உயில் இல்லாதவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும். இந்த அநியாயத்தை ஒழித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு தரும் சட்டத்தை, தாமஸ் ஜெஃபர்சன் வரைந்தபடி, வர்ஜீனியா 1785இலேயே நிறைவேற்றியிருந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்த நாள் 1787 ஜனவரி 1. ஆபிரகாம் இறந்ததோ 1786 மே. இன்னும் எட்டு மாதம் உயிரோடு இருந்திருந்தால், தாமஸுக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல் பங்கு கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை, நிலம் மொர்தகாய்க்குப் போனது.

நிலம் தவிர்த்த அசையும் சொத்தின் மதிப்பீடு 68 பவுண்டுக்குச் சற்று மேல்தான் வந்தது. இரண்டு குதிரைகள், கன்றோடு பசுக்கள், துப்பாக்கிகள், கோடரி, களைக்கொத்து, ஈயத் தட்டுகள், இறகு மெத்தைகள் என்று அந்தப் பட்டியல் போகிறது. 5,500 ஏக்கர் உடையவர் வீட்டுப் பொருள்கள் இவ்வளவே. எல்லைப்புறத்தில் செல்வம் என்பது காகிதத்தில் இருந்ததே தவிர வீட்டுக்குள் இருக்கவில்லை. பாத்ஷீபா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தெற்கே, இன்றைய வாஷிங்டன் கவுண்டியின் பீச் ஃபோர்க் பக்கம் குடிபெயர்ந்தார். மொர்தகாய் மதிப்புள்ள மனிதராக உயர்ந்தார். தாமஸ் சிறு வயதிலேயே கூலிக்கு வேலை செய்து ஊர் ஊராக அலைய வேண்டியதாயிற்று. தம் பெயரைத் தட்டுத் தடுமாறிக் கையெழுத்திடுவதற்கு மேல் அவருக்கு எழுதத் தெரியாது என்று 1860இல் மகனே எழுதினார்.

இருந்தும் தாமஸைச் சோம்பேறி என்று சிலர் சித்தரிப்பதை நான் ஏற்க மாட்டேன். அவர் தச்சு வேலை கற்றார், வரி கட்டினார், ஜூரியாக அமர்ந்தார். 1803இல் 118 பவுண்டு கொடுத்து மில் கிரீக்கில் 238 ஏக்கர் வாங்கினார். அவரைச் சாய்த்தது பத்திரம். கென்டக்கியில் எல்லை என்பது 'ஓடையிலிருந்து கருவாலி மரம் வரை, அங்கிருந்து பாறை வரை' என்ற கணக்கில் எழுதப்பட்டது. ஒருவர் அளந்த இடத்தின்மேலேயே இன்னொருவர் அளந்து, ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக உரிமைகள் ஏறிக் கிடந்தன. மில் கிரீக் அளவையில் இருந்த பிழையால் 38 ஏக்கரை இழந்து, மீதி 200 ஏக்கரை 100 பவுண்டுக்கு நட்டத்தில் விற்றார். லிங்கன் பிறந்த சிங்கிங் ஸ்பிரிங் பண்ணை முந்தைய உரிமையாளர்களின் பாக்கி தொடர்பான வழக்கில் போயிற்று. மூன்றாவதாகக் குடியிருந்த நாப் கிரீக்கில், தம் மூதாதையருக்கு 10,000 ஏக்கர் அங்கே உண்டு என்று பிலடெல்பியாவைச் சேர்ந்த வாரிசுகள் 1815இல் வெளியேற்ற வழக்குத் தொடுத்தார்கள். அங்கிருந்த பத்துக் குடும்பங்களில் ஒன்று தாமஸின் குடும்பம்.

1816 டிசம்பரில் குடும்பம் ஒஹையோ ஆற்றைக் கடந்து இந்தியானாவுக்குப் போனதற்கு, ஓரளவு அடிமை முறையும் பெருமளவு நில உரிமைச் சிக்கலும் காரணம் என்று லிங்கன் எழுதியிருக்கிறார். கென்டக்கியில் அடிமை உழைப்போடு போட்டியிட வேண்டிய சிறு விவசாயிக்கு இரண்டுமே ஒரே நெருக்கடியின் இரண்டு பக்கங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆற்றுக்கு வடக்கே 1785ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி மத்திய அரசே முதலில் ஆறு மைல் சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகளாகப் பிரித்து எண் கொடுத்து, அதன் பிறகே விற்றது. 1817இல் தாமஸ் வின்சென்ஸ் நில அலுவலகத்துக்குப் போய் 160 ஏக்கருக்கு முன்பணம் கட்டினார். முழுத் தொகையையும் செலுத்த முடியாமல் பாதியை விட்டுக்கொடுத்து, 1827இல் 80 ஏக்கருக்குப் பட்டா பெற்றார். தாத்தாவின் 5,500 ஏக்கருக்கு முன்னால் அது சிறியதுதான். ஆனால் அந்தப் பட்டாவை எதிர்த்து ஒருவரும் வழக்குத் தொடுக்கவில்லை. 1830இல் இல்லினாய்க்குக் கிளம்பும்போது தாமஸ் அதைத் தம் விருப்பப்படி விற்றுவிட்டுப் போனார்.