துணைத் தலைவராகப் பதவி உயர்ந்தவர், தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள எந்தப் பயிற்சிக்குப் போகலாம்?

வயது 46, உற்பத்திப் பிரிவில் இருபது வருட அனுபவம், போன மாதம் துணைத் தலைவர் ஆகியிருக்கிறீர்கள், நிறுவனமே பணம் கட்டும், எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் கீழே இருப்பவர்களில் இரண்டு பேராவது உங்களைவிட மூத்தவர்கள், அதில் ஒருவர் இதே நாற்காலியில் கண் வைத்திருந்தவர் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். என் கதை அப்படித்தான் இருந்தது.

கோவையில் ஒரு பவுண்டரியில் ஆலைத் தலைவராக இருந்தேன். உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி வால்வு பாடி, பம்ப் உறை வார்க்கிற இடம். 2018-இல் என்னையும் ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மலையடிவாரத்தில் ரிசார்ட், கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றைச் சதுரமாக்கும் விளையாட்டு, மூன்று வேளையும் நல்ல சாப்பாடு. ஒரு பேராசிரியர் வட்டம் போட்டு, தலைமை என்பது 70 சதவீதம் வேலை செய்தும், 20 சதவீதம் அடுத்தவரிடமிருந்தும், 10 சதவீதம் வகுப்பிலும் வருவது என்றார். அமெரிக்காவில் வடகரோலினாவில் இருக்கும் ஓர் ஆய்வு மையம் 1980-களில் மேலாளர்களைக் கேட்டுத் தொகுத்ததிலிருந்து வந்த கணக்காம். அப்படியானால் அந்தப் பத்துக்கா இவ்வளவு கட்டணம் என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார்.

எம்பிஏ படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வகுப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. என்னை உலுக்கியது அந்த ஐந்து நாளும் அல்ல, அதற்கு முன்னால் வந்த ஒரு படிவம். முந்நூற்றறுபது டிகிரி மதிப்பீடு என்பார்கள். மேலதிகாரி, சமமான பதவியில் இருப்பவர்கள், கீழே வேலை செய்பவர்கள் எல்லாரும் பெயர் போடாமல் நம்மைப் பற்றி நிரப்பி அனுப்புவது. 'பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறாரா' என்ற கேள்விக்கு எனக்கு நானே ஐந்துக்கு 4.5 போட்டிருந்தேன். எம்டி 4 போட்டிருந்தார். எனக்குக் கீழே இருந்தவர்களின் சராசரி 2.1. அடியில் ஒருவர் எழுதியிருந்தார்: "சாருக்குப் பதில் முன்பே தெரியும். ஆக்சுவலி, எங்களை எதற்குக் கூப்பிடுகிறார் என்றுதான் தெரியவில்லை."

யார் எழுதியது என்று இரண்டு நாள் ஆராய்ச்சி செய்தேன். வாய்க்கு வாய் 'ஆக்சுவலி' போடுகிறவர் எங்கள் குவாலிட்டி மேனேஜர். அவர்தான் என்று முடிவு கட்டி, ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் இல்லை என்பது பிறகு தெரிந்தது. சிரிப்பீர்கள், சிரியுங்கள். உங்களுக்கும் அந்தப் படிவம் வரும்.

பயிற்சியோடு சேர்த்து, ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இரண்டு தடவை ஆலைக்கு வந்தார். காலை ஒன்பது மணி உற்பத்திக் கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் ஒரு தாளை நீட்டினார். ஒருவர் பேசி முடிப்பதற்குள் நான் குறுக்கே விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. 35 நிமிடத்தில் 23 கோடு. கீழே, நான் கேட்ட கேள்விகள் நான்கு என்று எழுதி, அதில் மூன்றை அடித்திருந்தார். "ஏன் நேத்தே செய்யலைன்னு கேக்கறது கேள்வி இல்லீங்க, திட்டு" என்றார்.

அவர் சொன்ன மருந்து ஒன்றே ஒன்றுதான். கூட்டத்தில் நான் கடைசியில்தான் பேச வேண்டும். முதல் வாரம் நரகம். எல்லாரும் தங்கள் பங்கைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார்கள், நான் டீ கிளாஸைப் பார்ப்பேன்.

அந்த அக்டோபரில் ரிஜெக்‌ஷன் ஏறியது. தேறாமல் போகும் வார்ப்பு வழக்கமாக 4 சதவீதம், அப்போது 11. வார்ப்புக்குள் புளோ ஹோல், அதாவது வாயு சிக்கி விழும் ஓட்டை. வெளியே பார்த்தால் தெரியாது, வாங்கியவர் கடைசலில் போட்டுச் சீவியதும்தான் தெரியும். சென்னையிலிருந்து ஒரு லாரி சரக்கு அப்படியே திரும்பி வந்தது. மணலில் ஈரம் கூடிவிட்டதா, உருக்கும் வெப்பம் குறைந்துவிட்டதா என்று பத்து நாள் அலசினோம். மணல் சோதனையில் ஈரம் மூன்றரை சதவீதம், சரியாகத்தான் இருந்தது. பழைய நானாக இருந்தால் மணல் ஆலைக்காரரைக் காய்ச்சி எடுத்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு, அதுவரை பேசாதவர்களைப் பார்த்து "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டேன்.

வார்ப்புக்குள் வெற்றிடம் விழ அச்சுக்குள் வைக்கும் மணல் உருவம்தான் கோர். அதைச் செய்யும் கோர் ஷாப்பின் சூப்பர்வைசர், 57 வயதுக்காரர், தயங்கித் தயங்கி எழுந்தார். "கோர் ஈரம் குடிக்குதுங்க சார். ரேக்கைப் பின்னாடி ஷட்டர்கிட்ட மாத்தினதுலருந்து."

கோர் அடுக்கும் ரேக்கை மாற்றச் சொன்னது நான். ஆகஸ்ட்டில் ஃபைவ் எஸ் என்ற, ஒழுங்கும் சுத்தமும் பார்க்கும் ஆடிட்டுக்காக, தரையில் மஞ்சள் கோடு போட இடம் வேண்டும் என்று. அதுவரை அது அடுப்புப் பக்கம், வெதுவெதுப்பில் இருந்தது. ஷட்டர் பக்கம் சாரல் அடிக்கும், மழைக்காலத்தில் காற்றே ஈரம். பழைய கோர்கள் மூன்று நாள் அங்கேயே கிடக்க, ராத்திரி ஷிஃப்டில் முன்னால் இருப்பதை எடுத்துப் போய்விடுவார்கள். ஈரம் குடித்த கோரின் மேல் உருகிய இரும்பு பட்டால் ஆவி கிளம்பி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். "அப்பவே சொல்றதுதானே?" என்றேன். "சொன்னேனுங்க. தார்பாய் போடுங்கன்னுட்டு நீங்க போயிட்டீங்க" என்றார். அறையில் ஒரு சத்தம் இல்லை. ரேக் அன்று மாலையே பழைய இடத்துக்கு வந்தது. கோரை மறுபடி சூடுகாட்டி, முதலில் செய்ததை முதலில் எடுக்க ஆரம்பித்தோம். மூன்று வாரத்தில் 5 சதவீதத்துக்கு இறங்கியது.

ஒரே ஒரு ஆலையை வைத்துக்கொண்டு உலகத்துக்கே பாடம் சொல்கிறான் என்பீர்கள். ஆமாம், எனக்குத் தெரிந்தது அதுதான். ஐடி கம்பெனியில் கோர் ரேக் இருக்காது. ஆனால் 'தார்பாய் போடுங்க' இருக்கும்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. அந்த சூப்பர்வைசர் அடுத்த வருடம் 58-இல் ஓய்வு பெற்றார். 34 வருடம் சூட்டிலும் புகையிலும் நின்றவருக்கு இபிஎஸ் என்ற தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் வந்த ஓய்வூதியம் மாதம் நான்காயிரத்தைத் தொடவில்லை. அந்தத் திட்டத்தில் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 2014 செப்டம்பர் வரை 6,500 ரூபாய், அதன்பின் 15,000. கையில் வாங்கியது எவ்வளவாக இருந்தாலும் கணக்கு அங்கேயே நின்றுவிடும். தலைமைப் பயிற்சிக்கு என் ஒருவனுக்கு ஐந்து நாளில் செலவான பணம் அவருக்கு எத்தனை வருட ஓய்வூதியம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை எம்டியிடம் காட்டியதும் என் தலைமைப் பண்பில் சேருமா தெரியவில்லை. அதற்குப் பிறகு என்னைப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. சரி, விடுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹைதராபாத்தில் 1956-இல் தொடங்கிய அட்மினிஸ்ட்ரேடிவ் ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது, அகமதாபாத், பெங்களூர் ஐஐஎம்கள் இருக்கின்றன. எல்லா இடத்திலும் நிர்வாகிகளுக்கென்றே வகுப்பு உண்டு. எங்கே சேர்ந்தாலும், கீழே இருப்பவர்களிடம் படிவம் வாங்குவார்களா, முடிந்தபின் யாராவது உங்கள் கூட்டத்தில் வந்து உட்காருவார்களா என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய் வாருங்கள்.

காசில்லாத வழியும் ஒன்று உண்டு. ரெஜ் ரெவன்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் 1940-களில் நிலக்கரிச் சுரங்க மேலாளர்களைக் கூட்டி உட்காரவைத்து, அவரவர் சுரங்கத்துப் பிரச்சினையை ஒருவரையொருவர் கேள்வி கேட்டே தெளிய வைத்தார். 'ஆக்‌ஷன் லேர்னிங்' என்று பெயர். நாங்கள் நான்கு ஆலைத் தலைவர்கள், போட்டிக் கம்பெனிக்காரர் இல்லாதபடி பார்த்து, மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். ஒருவர் தன் தலைவலியைச் சொல்வார். மற்ற மூவரும் முக்கால் மணி நேரம் கேள்வி மட்டும்தான் கேட்கலாம், யோசனை சொன்னால் அன்றைய காபி அவர் செலவு. பெரும்பாலும் நான்தான் கொடுக்கிறேன்.

அப்புறம், படிவம் வந்தால் யார் எழுதியது என்று மட்டும் துப்பறியாதீர்கள். அந்த குவாலிட்டி மேனேஜர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புகிறேன். நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை.